புதிய மவுண்டன் சைக்கிளில் டிஸ்க் பிறேக் உரசுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. இருந்தும் கிரவல் வீதிகளுக்கும் குளக்கட்டுகளுக்கும் தடித்த ரயர் பொருந்துவதால், மவுண்டன் சைக்கிளை இங்கே பலர் விரும்பி வாங்குகிறார்கள். வாங்கிய கிழமையே அவர்களிடமிருந்து வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: டிஸ்க் பிறேக் உரசுகிறது. கிளிநொச்சியில் என் வீட்டு முற்றத்தில் உறவினருடைய சைக்கிள்களையும் அயலவருடைய சைக்கிள்களையும் திருத்திக் கொடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். சில்லின் நடுவே ஹப்பில் பூட்டப்பட்டிருக்கும், துளைகள் கொண்ட உருக்குத் தட்டைத் ‘தட்டு’ என்றும், அதை இருபுறமும் கவ்வும் பொறியைக் ‘கலிப்பர்’ என்றும், கலிப்பருக்குள் இருக்கும் இரண்டு சிறிய உராய்வுத் துண்டுகளைக் ‘கட்டை’ என்றும் குறிப்பிடுகிறேன்.

புதிய சைக்கிள் முதல் நாளே உரசுகிறதே, பழுதான சாமானைத் தந்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. பழைய சைக்கிளில் றிம்முக்கும் பிறேக் கட்டைக்கும் இடையில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். சில்லு சற்று நெளிந்திருந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். டிஸ்க் பிறேக்கில் தட்டுக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு பக்கத்துக்கு 0.2 முதல் 0.4 மில்லிமீற்றர் வரைதான் இடைவெளி. அப்பியாசக் கொப்பியின் தாள்கள் இரண்டு மூன்றை ஒன்றாக அடுக்கினால் வரும் தடிப்பு அவ்வளவே. ஆகவே சில்லைப் பூட்டும்போது அச்சு மயிரிழை விலகினாலும் உரசல் கேட்கும். புதிய சைக்கிள்கள் முன்சில்லைக் கழற்றிய நிலையில் அட்டைப்பெட்டியில் வந்து, கடையிலோ வீட்டிலோ அவசரமாகப் பூட்டப்படுகின்றன. வழியில் பெட்டி எத்தனை முறை ஏற்றி இறக்கப்பட்டது, அதன்மேல் என்னென்ன அடுக்கப்பட்டது என்பதும் நமக்குத் தெரியாது. பழுது என்று முடிவுகட்டிச் சைக்கிளைத் திருப்பிக் கொண்டுபோவதற்கு முன், கீழே உள்ளவற்றை இதே ஒழுங்கில் பார்த்துவிடுவது நல்லது.

எதனால் உரசுகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காதால், பிறகு கண்ணால். சில்லை நிலத்திலிருந்து சற்றுத் தூக்கிக் கையால் சுழற்றிவிட்டு, அது தானாக நிற்கும்வரை கேளுங்கள். சத்தம் இடைவிடாமல் ஒரே சீராக ‘ஸ்ஸ்ஸ்’ என்று வந்தால், கலிப்பர் ஒரு பக்கம் சாய்ந்தோ சில்லு கோணலாகவோ இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘சிங்... சிங்...’ என்று விட்டுவிட்டு வந்தால் தட்டு ஓரிடத்தில் நெளிந்திருக்கிறது. தூக்கிச் சுழற்றும்போது ஒன்றுமில்லாமல், எழுந்து நின்று மிதிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் மட்டும் கேட்டால், அச்சு தளர்ந்திருக்கிறதா, ஹப்பில் ஆட்டம் உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அது பாரத்தால் பிறேமும் சில்லும் சற்று வளைவதன் விளைவு, அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. பிறேக் பிடிக்கும்போது மட்டும் கீச்சிடுவது உரசல் என்ற கணக்கில் சேராது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கண்ணால் பார்க்கும் முறை இது. ஒரு வெள்ளைத் தாளைக் கலிப்பருக்குப் பின்னால் பிடித்து, அதன்மேல் ரோர்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சி, கலிப்பரின் பிளவுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். நடுவில் தட்டின் விளிம்பு கருங்கோடாகத் தெரியும். அதன் இருபக்கமும் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிய வேண்டும். ஒரு கோடு மறைந்திருந்தால் அந்தப் பக்கக் கட்டைதான் உரசுகிறது. சில்லை மெதுவாகச் சுழற்றும்போது வெள்ளைக் கோடு தடித்து மெலிந்து அசைந்தால் தட்டு நெளிவு என்பது கண்முன்னே தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். செய்யாமல் சாவியைக் கையில் எடுத்தவர்களால்தான் எனக்கு வேலை கூடியிருக்கிறது.

சுழலும் தட்டுக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோகக் கூடாது. அந்தத் துளைகள் விரலை வெட்டக் கூடியவை. சின்னப்பிள்ளைகள் பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கும்போது சில்லைச் சுழற்றாதீர்கள்.

முதலில் எதைத் திருத்த வேண்டும்?

எதையும் திருத்தாமல் சில்லை ஒரு முறை தளர்த்தி மீண்டும் பூட்டுங்கள். என் மருமகனுக்குக் கொழும்பிலிருந்து ஒரு சைக்கிள் பெட்டியில் பஸ்ஸில் வந்தது. முன்சில்லைத் தானே பூட்டிக்கொண்டு ஏ9 வீதியால் முறிகண்டிவரை போய்த் திரும்பியவன், “மாமா, பிறேக் அழுகுது” என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றான். குனிந்து பார்த்தபோது, முன்சில்லைத் தாங்கும் போர்க்கின் வலது காலில், அச்சு தான் அமரும் பிளவின் மேல்முனை வரை ஏறி அமர்ந்திருந்தது; இடது காலில் அச்சுக்கும் பிளவின் முனைக்கும் இடையில் ஒரு கச்சான் கோதின் தடிப்பளவு இடைவெளி இருந்தது. அச்சு சாய்ந்ததால் சில்லு சாய்ந்து, சில்லோடு தட்டும் சாய்ந்திருந்தது. அச்சை இறுக்கிப் பிடிக்கும், மடக்கித் திறக்கும் குவிக் றிலீஸ் கைபிடியைத் திறந்து, இரண்டு கையாலும் ஹாண்டிலை நிலத்தை நோக்கி அமுக்கியவுடன் ‘டக்’ என்று அச்சு உள்ளே போனது. வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் அதற்குள் கலிப்பரின் இரண்டு ஆணிகளையும் தன் பாட்டில் திருகிப் பார்த்திருந்தான். ஆகவே சரியாக இருந்த கலிப்பரையும் நான் புதிதாக ஒழுங்குபடுத்த வேண்டி வந்தது.

சில்லைப் பூட்டும்போது சைக்கிளைத் தலைகீழாக வைக்காமல், இரண்டு சில்லும் நிலத்தில் நிற்க, சைக்கிளின் பாரம் அச்சின்மேல் இருக்கும்படி வைத்துப் பூட்ட வேண்டும். குவிக் றிலீஸ் கைபிடியை மூடும்போது பாதி வழியிலேயே இறுக்கம் தெரியத் தொடங்க வேண்டும். முழுவதும் மூடி முடிக்கையில் உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும். கைபிடியைச் சுற்றிச் சுற்றி ஆணியைப் போல இறுக்குவது பிழை. அது மடக்கி மூடுவதற்கு உரியது. அச்சின் இருபக்கமும் நட்டு உள்ள சைக்கிளானால், ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போகாமல், மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

கைபிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றும் சிலர் கேட்பதுண்டு. எந்தப் பக்கம் இருந்தாலும், முழுவதும் திறந்து தொங்கும் நிலையிலும் அது தட்டைத் தொடக் கூடாது. திறந்துபோன கைபிடி முன் தட்டுக்குள் சிக்கிச் சில்லை நிறுத்திவிடும் என்பதற்காக, 2015ஆம் ஆண்டில் ட்ரெக் என்ற சைக்கிள் நிறுவனம், தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற ஏறத்தாழப் பத்து இலட்சம் சைக்கிள்களின் கைபிடிகளை இலவசமாக மாற்றிக் கொடுக்க முன்வந்தது. பெரிய நிறுவனத்துக்கே இது பெரிய விடயமாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னென்ன சாமான்கள் வேண்டும்?

5 மில்லிமீற்றர் அலன் கீ, டி25 என்ற நட்சத்திர முனைச் சாவி, ஒரு ரோர்ச், வெள்ளைத் தாள், சுத்தமான பழைய பருத்தித் துணி. தட்டு நெளிந்திருந்தால் அட்ஜஸ்டபிள் ஸ்பானர் ஒன்றும் வேண்டும். கைகழுவாமல் தொடங்காதீர்கள், செயினைத் தொட்ட கை தட்டைத் தொடக் கூடாது.

என்னுடைய பிறேக் வயரால் இயங்குவதா, எண்ணெயால் இயங்குவதா?

பிறேக் பிடியிலிருந்து வரும் உறை கலிப்பருக்கு வெளியே முடிந்து, அதிலிருந்து முறுக்கிய உருக்கு வயர் ஒன்று வெளியே தெரிந்து ஒரு சிறு கையை இழுத்தால் அது வயர் பிறேக். உறை கலிப்பரின் உள்ளேயே போய்விட்டால் எண்ணெய்ப் பிறேக். இங்கே விற்பனையாகும் குறைந்த விலைச் சைக்கிள்களில் பெரும்பாலானவை வயர் பிறேக் உள்ளவை.

வயர் பிறேக்கில் உரசலை எப்படி நீக்குவது?

இந்த வகைக் கலிப்பர்களில் பலவற்றில் வெளிப்பக்கக் கட்டை மட்டுமே அசையும். சில்லுக் கம்பிகளின் பக்கத்தில் உள்ள உட்கட்டை அசையாமல் நிற்கும். பிறேக் பிடிக்கும்போது வெளிக்கட்டை தட்டைத் தள்ள, தட்டு சற்று வளைந்து உட்கட்டையில் போய் நெரிகிறது. இதை விளங்கிக்கொண்டால் மற்றவை இலகு: உட்கட்டை தட்டைத் தொடாமல், ஆனால் தொட்டும் தொடாமலும் என்று சொல்லும் அளவுக்குக் கிட்ட நிற்க வேண்டும். அது தூரத்தில் நின்றால் ஒவ்வொரு முறையும் தட்டு அதிகமாக வளைய வேண்டி வரும், பிறேக்கும் வலுவிழக்கும்.

தொடங்கும்போது, பிறேக் பிடியின் அருகிலும் கலிப்பரின் அருகிலும் வயர் உறை முடியும் இடத்தில் உள்ள சிறு உருளைத் திருகியை வலஞ்சுழியாக உள்ளே திருப்பி வயரைச் சற்றுத் தளர்த்துங்கள். கலிப்பரின் சிறு கை முழுவதும் பின்னால் போய் ஓய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். சில புதிய சைக்கிள்களில் வயரை இழுத்துப் பூட்டியதால் அந்தக் கை பாதி இழுபட்ட நிலையிலேயே இருக்கும், அதுவே உரசலுக்குக் காரணமாகிவிடும். அடுத்து, கலிப்பரைப் போர்க்கிலோ பிறேமிலோ பிடித்திருக்கும் இரண்டு ஆணிகளையும் கலிப்பர் பக்கவாட்டில் வழுக்கக் கூடிய அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். உட்கட்டையின் திருகியை, கட்டை தட்டை மெல்லத் தொடும்வரை உள்ளே திருப்புங்கள். இப்போது பிறேக் பிடியை இறுக்கிப் பிடித்தால் கலிப்பர் தானாகத் தட்டுக்கு நேராக வந்து அமரும். பிடியை விடாமல், ஒரு பட்டியால் ஹாண்டிலோடு கட்டிவைத்துவிட்டு, இரண்டு ஆணிகளையும் மாறி மாறிக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கினால் அந்த ஆணி சுழலும்போது கலிப்பரையும் தன்னோடு திருப்பிவிடும். சரியாக வைத்தது கண்முன்னே விலகிப்போவதற்கு இதுவே காரணம்.

பட்டியை அவிழ்த்த பின் உட்கட்டையின் திருகியைக் கால் சுற்று வெளியே திருப்பி, சில்லைச் சுழற்றிக் கேளுங்கள். இன்னும் உரசினால் மேலும் சிறிது. சத்தம் நின்ற இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். கடைசியாக உருளைத் திருகியை வெளியே திருப்பி வயரை இறுக்குங்கள். பிறேக் பிடி தன் பயணத்தின் மூன்றிலொரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் கடிக்கத் தொடங்க வேண்டும்.

இறுக்கம் எவ்வளவு என்பதற்கு ஷிமானோ போன்ற நிறுவனங்கள் இந்த ஆணிகளுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீற்றர் என்று கொடுத்திருக்கின்றன. அளக்கும் சாவி இல்லாதவர்கள் சாதாரண அலன் கீயின் நீண்ட பக்கத்தை இரண்டு மூன்று விரலால் பிடித்து நன்றாக இறுக்கினால் ஏறத்தாழ அந்த அளவுக்கு வரும். குழாய் செருகி நீட்டி இறுக்கினால் அலுமினியப் புரி கழன்றுவிடும். அதைத் திருத்துவது உரசலைத் திருத்துவதுபோல் இலகுவான வேலையாக இராது.

கடையில் கொடுத்தேன். வயரைத் தளர்த்திவிட்டார், சத்தம் நின்றுவிட்டது. இது போதும்தானே?

போதாது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். வயரைத் தளர்த்தினால் கட்டை தட்டிலிருந்து தூரப் போகும், சத்தம் நிற்கும். அதே அளவுக்குப் பிறேக்கும் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் பிறேக் பிடியை முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். அது ஹாண்டிலின் றப்பரைத் தொட்டால், சந்தியில் ட்ராக்டர் ஒன்று திடீரென்று திரும்பும்போது உங்களிடம் பிறேக் இல்லை என்று பொருள். கோணலாக நிற்கும் கலிப்பர் வயரைத் தளர்த்துவதால் நேராகாது. கட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்து, சில மாதங்களில் உரசல் வேறு உருவில் திரும்பி வரும்.

நமது சைக்கிள் திருத்துநர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1990களில் எரிபொருட் தடை இருந்த காலத்தில் வன்னியில் சைக்கிளே பார வண்டியாகவும் இருந்தது. விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் அதில்தான் போனார்கள், உதிரிச் சாமான் இல்லாமலே அவற்றை ஓட வைத்தவர்கள் இவர்கள். ஆனால் அந்தக் கைப்பழக்கம் றிம் பிறேக்கோடு வந்தது. றிம் பிறேக் உரசினால் வயரைத் தளர்த்துவது பல நேரம் சரியான வழியே. டிஸ்க் பிறேக்குக்கு அது பொருந்தாது. கடையில் கொடுக்கும்போது, ‘கலிப்பர் ஆணியைத் தளர்த்தி நேராக்கித் தாருங்கள், அண்ணை’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பெரும்பாலானோர் ஒரு முறை செய்து பார்த்ததும் பிடித்துக்கொள்கிறார்கள்.

எண்ணெய்ப் பிறேக் உரசினால் என்ன செய்வது?

எண்ணெய்ப் பிறேக்கில் பொதுவாக இரண்டு கட்டைகளும் அசையும், தாமாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே திருகிகளைத் தேட வேண்டாம்: கலிப்பரின் இரண்டு ஆணிகளையும் தளர்த்தி, பிறேக் பிடியை இழுத்துப் பிடித்து, மாறி மாறி இறுக்கினால் பத்தில் எட்டு முறை அதுவே போதும். அப்போதும் உரசினால், தாளையும் ரோர்ச்சையும் வைத்துப் பார்த்துக்கொண்டே கலிப்பரைக் கையால் மயிரிழை நகர்த்தி இறுக்க வேண்டியதுதான். பொறுமை தேவைப்படும் வேலை.

எண்ணெய்ப் பிறேக்கில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. சில்லைக் கழற்றியிருக்கும்போது யாராவது பிறேக் பிடியை இழுத்துவிட்டால், நடுவில் தட்டு இல்லாததால் இரண்டு கட்டைகளும் வெளியே வந்து ஒன்றையொன்று நெருங்கிவிடும். பிறகு தட்டே உள்ளே போகாது, போனாலும் இறுகிக்கொண்டு நிற்கும். அப்படி நடந்தால் சில்லைக் கழற்றி, ரயர் கழற்றும் பிளாஸ்ரிக் நெம்பியைக் கட்டைகளுக்கு நடுவே விட்டு, இரண்டையும் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். திருப்புளியால் நெம்பினால் கட்டையின் முகமும் உள்ளே உள்ள பிஸ்டனும் சிதையும். புதிய சைக்கிளோடு பெட்டியில் வரும் சிறிய பிளாஸ்ரிக் தகடு இதைத் தடுப்பதற்காகவே கலிப்பருக்குள் செருகப்பட்டிருக்கிறது. குப்பையில் எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள்.

பிடி பஞ்சுபோல அமுங்கினால் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. அதை எடுக்கும் வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். எந்த எண்ணெய் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஷிமானோவும் டெக்ட்றோவும் மினரல் ஓயிலில் இயங்குபவை, வேறு சில பிறேக்குகள் டொட் வகைத் திரவத்தில் இயங்குபவை. டொட் வகையைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் பிறேக் திரவத்தை மினரல் ஓயில் பிறேக்கில் ஊற்றினால் உள்ளே உள்ள றப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

தட்டு நெளிந்திருந்தால் நிமிர்த்தலாமா?

சிறு நெளிவை நிமிர்த்தலாம். அதற்கு முன் தட்டை ஹப்பில் பிடித்திருக்கும் ஆறு ஆணிகளும் இறுக்கமாக உள்ளனவா என்று டி25 சாவியால் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் நெளிவுபோலவே தெரியும். சில தட்டுகளில் ஆறு ஆணிக்குப் பதிலாக நடுவில் ஒரு பெரிய வளையம் இருக்கும்; அதற்குத் தனிச் சாவி வேண்டும்.

பிறகு வெள்ளைத் தாளை வைத்துச் சில்லை மிக மெதுவாகச் சுழற்றி, தட்டு எந்த இடத்தில் எந்தப் பக்கம் கட்டையைத் தொடுகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்துக்கு நேரே உள்ள சில்லுக் கம்பியில் ஒரு நூலைக் கட்டிவையுங்கள். தட்டின்மேல் பேனையால் குறியிடாதீர்கள். அந்த இடம் கலிப்பருக்கு வெளியே வரும்படி சில்லைத் திருப்பி, சுத்தமாகத் துடைத்த அட்ஜஸ்டபிள் ஸ்பானரின் வாயில் தாளை மடித்து வைத்துத் தட்டைக் கவ்வி, எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்து விடுங்கள். உருக்கு கொஞ்சம் வளைந்து மீண்டும் பழைய இடத்துக்கே வரும். ஆகவே முதல் முறை ஒன்றும் மாறாதது போலத் தோன்றும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். சுற்றிப் பார்த்து, கேட்டு, மறுபடியும் கொஞ்சம். அவசரப்பட்டு ஒரே இழுப்பில் நிமிர்த்த முயன்றவர் ஒரு நெளிவை இரண்டாக்கிக்கொள்வார். எனக்கு முதல் தட்டை நிமிர்த்த ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது, அதுவும் அரைகுறையாகத்தான்.

கையில் எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தால் ஆடும் அளவுக்கு நெளிந்த தட்டை மாற்றிவிடுவதே நல்லது. மாற்றும்போது பழைய தட்டின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள்: 160, 180, 203 மில்லிமீற்றர் என்ற அளவுகளே அதிகம் புழங்குகின்றன. தேய்மானத்துக்கும் எல்லை உண்டு; புதிதில் 1.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஷிமானோ தட்டு 1.5க்கு வந்தால் மாற்ற வேண்டும்.

எல்லாம் செய்தும் உரசல் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் இல்லை. ஏன்?

ஹப்பில் ஆட்டம் இருக்கலாம். றிம்மைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று கையில் தட்டினால் உள்ளே போல்ஸை, அதாவது சிறு உருக்குக் குண்டுகளை, பிடித்திருக்கும் கோன் என்ற துண்டு தளர்ந்திருக்கிறது. இந்த வேலையில் நமது கடைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை, அவர்களிடமே கொடுங்கள். கலிப்பரை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும்.

சத்தம் வரும் இடத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் என்ன?

தயவுசெய்து விடாதீர்கள். தட்டில் எண்ணெய் பட்டால் பிறேக் பிடிக்காது. கட்டை எண்ணெயை உறிஞ்சிவிட்டால் அதை மீட்பதும் கடினம். கதவுக் கொளுவிக்குப் பழகிய கை சைக்கிளுக்கும் தேங்காய் எண்ணெயைத் தூக்குகிறது. செயினுக்குத் தெளிக்கும் ஸ்பிறேயும் ஆபத்தானது. காற்றோடு போய்ப் பின் தட்டில் படியும், ஆகவே செயினுக்கு எண்ணெய் இடும்போது பின் தட்டை ஒரு பையால் மூடுங்கள்.

எதையும் மண்ணெண்ணெயால் கழுவுவது நமது ஊர் வழக்கம். அது செயினுக்குச் சரி. தட்டில் எண்ணெய்ப் பசை ஒன்றை விட்டுவிடும். தட்டைத் துடைக்க ஐசோபுறோப்பைல் அல்ககோல் சிறந்தது. கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய அல்ககோல் கலந்த கைகழுவும் திரவம் வீட்டில் இருக்கலாம். அதில் கையின் மென்மைக்காகக் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், ஆகவே அது உதவாது. ஒன்றும் கிடைக்காவிட்டால் பாத்திரம் கழுவும் சவர்க்காரக் கரைசலும் நிறையத் தண்ணீரும் போதும். இலேசாக எண்ணெய் பட்ட கட்டையைக் கழற்றி, மட்டமான இடத்தில் மண்தாளை வைத்து அதன்மேல் தேய்த்துப் பார்க்கலாம். அதிகமாக ஊறியிருந்தால் மாற்றுங்கள்.

பிறேக் பிடிக்கும்போது மட்டும் கீச்சிடுகிறது. இதுவும் உரசல்தானா?

புதிய கட்டையும் புதிய தட்டும் ஒன்றோடொன்று பழகாததன் அடையாளமாக இருக்கலாம். கட்டையின் பொருள் மெல்லிய படலமாகத் தட்டில் சீராகப் படிந்த பிறகே பிறேக் முழுப் பலத்துக்கு வரும். வாகனம் குறைந்த நேரத்தில், நேரான தார் வீதியில், நடுத்தர வேகத்துக்கு வந்து, சில்லு இறுகி நின்றுவிடாதபடி அழுத்திப் பிடித்து நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, மறுபடி மிதியுங்கள். ஒவ்வொரு பிறேக்குக்கும் இருபது தடவை. இரணைமடுக் குளக்கட்டின் மேலோ கிரவலிலோ இதைச் செய்ய வேண்டாம். புழுதி படலத்தோடு கலந்துவிடும். முடித்தவுடன் தட்டைத் தொடாதீர்கள், சுடும்.

மாரி காலத்தில் உரசல் கூடுகிறதே?

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வீதியெல்லாம் செஞ்சேறாகும்போது, மணலும் கிரவற் துகளும் கட்டைக்கும் தட்டுக்கும் நடுவில் புகுந்து அரைக்கும். அந்தக் கரகரப்பு ஒழுங்குபடுத்தலால் போகாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கலிப்பருக்கு மேலிருந்து ஊற்றிச் சில்லைச் சுழற்றிவிடுங்கள். சேறு காய்ந்த பிறகு சுரண்டுவதைவிட இது நல்லது. வாகனம் கழுவும் இடத்து உயர் அழுத்தக் குழாயை ஹப்புக்கு நேரே பிடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் கிறீஸ் கழுவுண்டு போகும். ஈரத்தில் முதல் இரண்டு மூன்று பிடிகள் கத்துவது வழமை.

இத்தனை தொல்லை எதற்கு, றிம் பிறேக்கே போதாதா என்றும் இந்த மாதங்களில் என்னைக் கேட்பார்கள். நனைந்த றிம்மில் கட்டை வழுக்கும். குழியில் விழுந்து றிம் நெளிந்தால் பிறேக்கும் போகும். தட்டு சேற்றிலிருந்து சற்று உயரத்தில் இருப்பதாலும், றிம்மின் நெளிவு அதைப் பாதிக்காததாலும், மாரியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு டிஸ்க் பிறேக்கே பாதுகாப்பு என்பது என் எண்ணம். கோடையில் மட்டும் ஓடுபவருக்கு நல்ல றிம் பிறேக் போதும்.

மெல்லிய உரசல் மட்டும்தான் மிச்சம். அப்படியே விடலாமா?

சில்லைத் தூக்கிக் கையால் ஒரு தள்ளுத் தள்ளுங்கள். பல சுற்றுகள் தாராளமாகச் சுழன்று, இடைக்கிடை காதில் படும் ஒரு கிசுகிசுப்போடு ஓய்ந்தால் விட்டுவிடலாம். முதல் சில நாள் ஓட்டத்தில் அது தேய்ந்து மறையக்கூடும். இரண்டு சுற்றிலேயே நின்றுவிட்டால், அல்லது பிறேக் பிடிக்காமல் சற்றுத் தூரம் ஓடிய பிறகு தட்டின் அருகே கையைக் கொண்டுபோகும்போது வெக்கை தெரிந்தால், திரும்பவும் முதலிலிருந்து பாருங்கள்.

எப்போது கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்?

கலிப்பர் ஆணிகளைத் தளர்த்தி முழுவதும் ஒரு பக்கத்துக்கு நகர்த்தியும் தட்டு நடுவில் வராவிட்டால், கலிப்பரிலிருந்து எண்ணெய் கசிந்தால், போர்க் அல்லது பிறேமின் கால் கோணலாக ஒட்டப்பட்டது போலத் தெரிந்தால் அது உங்கள் வேலை இல்லை. பற்றுச்சீட்டோடு போங்கள், அரத்தை எடுத்து எதையும் ராவிவிட்டுப் போனால் மாற்றிக் கேட்கும் உரிமை கைவிட்டுப் போகும்.

பஸ்ஸிலோ லொறியிலோ கொண்டுபோகும்போது எப்படிக் காப்பது?

சைக்கிளைத் தட்டு உள்ள இடப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைக்காதீர்கள். முன்சில்லைக் கழற்ற வேண்டி வந்தால், எண்ணெய்ப் பிறேக்கின் கலிப்பருக்குள் அந்தப் பிளாஸ்ரிக் தகட்டைச் செருகுங்கள். தொலைந்துவிட்டிருந்தால் தடித்த அட்டைத் துண்டொன்றை மடித்துச் செருகினாலும் போதும். கழற்றிய சில்லைத் தட்டு மேற்பக்கம் பார்க்க வைத்து, அதன்மேல் மாவுமூட்டை ஏதும் ஏறாமல் நடத்துநரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இறங்கியதும் சில்லைப் பூட்டி, ஹாண்டிலை அமுக்கி, கைபிடியை மூடி, பிறேக்கை இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.